மழைநீர் ஓடும் வழியும் மறையும் வழியும்

(மறைமலை நகரைச் சுற்றியுள்ள கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஐப்பசி பிறந்து கீழ்வானம் கறுத்தவுடன் குடியானவனுக்கு இரண்டு கவலைகள் உண்டாகின்றன. மழை பெய்யாமற் போய்விடுமோ என்பது ஒன்று. பெய்த நீர் எவ்விடத்திற் போய் நிற்குமோ என்பது மற்றொன்று. முதற் கவலைக்கு மனிதனிடத்தில் மருந்தில்லை. இரண்டாவதற்கு மருந்து உண்டு. நீர் போகும் வழியை முன்னதாகவே விசாரித்து அறிந்து, அதைப் படமாக எழுதி வைத்துக்கொள்வதே அம்மருந்து.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி பெய்த மழையை இப்பகுதியில் எவரும் மறந்திரார். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு ஏக்கர் பூமியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் ஜலம் சுமார் 40,000 லிட்டர். அந்தக் கணக்கின்படி அன்று ஒவ்வொரு ஏக்கரிலும் விழுந்த ஜலம் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர் ஆகும். முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் அது வீடுகளுக்குள் புகுந்தது. அந்நீர் வழி தவறி வந்ததன்று. தன்னுடைய பழைய வழியிலேயே வந்தது. வழியை மறந்தவர் மனிதரே.

ஆகவே நீர்வழியைப் படம் எழுதுவது எவ்வாறு என்பதே இன்றைய விஷயம். இதில் முதலாவதாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. எல்லாப் பூமிக்கும் ஒரே விதமான படம் உதவாது. மேலே மண் எப்படி இருந்தாலும், அடியில் கிடக்கும் பாறை எதுவோ அதற்குத் தக்கபடியே நீரின் நடத்தை அமையும். இதை விளக்க இரண்டு பிரதேசங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். ஒன்று செங்கற்பட்டு ஜில்லா. மற்றொன்று கடலுக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணம். இரண்டிலும் தமிழர்களே பயிர் செய்கின்றனர். இரண்டுக்கும் வடகிழக்குப் பருவ மழையே ஜீவாதாரம். ஆனால் விழுந்த மழை இங்கே ஓடுகிறது, அங்கே மறைகிறது.

கரும்பாறைப் பூமியில் நீரின் வழி

மறைமலை நகர், காட்டாங்கொளத்தூர், கூடுவாஞ்சேரி, வண்டலூர் ஆகிய இடங்களில் மண்ணுக்குக் கீழே உள்ளது கெட்டியான கரும்பாறை. அதில் வெடிப்புகளின் வழியாகவும், மேலே இற்றுப்போன பகுதியின் வழியாகவும் மட்டுமே ஜலம் இறங்கும். பெருமழை பெய்யுங் காலத்தில் நிலம் குடித்தது போக மிகுந்தது மேலேயே ஓடும். முன்னோர் இதை அறிந்தே மேட்டிலிருந்து இறங்கும் நீரைக் கரை போட்டுத் தடுத்து ஏரி ஆக்கினர். ஓர் ஏரி நிரம்பினால் கலிங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். இவ்வாறு சங்கிலி போல் பிணைந்த ஏரிகளே இந்த ஜில்லாவின் ஆஸ்தி.

இந்தச் சங்கிலிகளுக்குத் திசையும் உண்டு. வடபால் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாறாகப் பிறந்து சென்னையில் கடலைச் சேருகிறது. தென்பால் செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியின் உபரி நீர், நீஞ்சல் மடுவின் வழியாகப் பாலாற்றை அடைகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நீரைப் பிரித்து அனுப்பும் மேட்டு வரம்பு ஒன்று இருந்தே தீர வேண்டும். வயல் வரப்பின் இருபுறமும் நீர் பிரிவது போலவே அவ்வரம்பின் இருபுறமும் மழை பிரிகிறது. இத்தகைய பூமியில் படம் எழுதுவோன் முதலில் அந்த மேட்டு வரம்பைக் குறிப்பான். பிறகு வரத்துக் கால்வாய், ஏரி, மதகு, கலிங்கல், போக்குக் கால்வாய் என்று வரிசையாகக் குறித்தால் படம் பெரும்பாலும் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரிவதே இங்கே வழி.

இவ்வேலை புதிதன்று. 1876 முதல் 1878 வரை நேர்ந்த பெரும் பஞ்சத்திற்குப் பிறகு, 1883-ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் ஏரிகளைச் சீர்திருத்தும் திட்டம் ஒன்று ஏற்படுத்தப்பட்டு, ஏரிகள் வரிசைக் கிரமமாகப் பரிசீலிக்கப்பட்டன. ஒற்றை ஏரியைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, நீர் பிடிக்கும் பிரதேசம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதே அப்பரிசீலனையின் சாரம்.

சுண்ணாம்புக் கல் பூமியில் நீரின் வழி

இனி யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். அந்தத் தீபகற்பத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். முற்காலத்தில் கடலடியில் கிளிஞ்சலும் பவளமும் படிந்து இறுகியதால் உண்டானது அது. அதன்மேல் பல இடங்களில் செம்மண் மெல்லியதாகப் படிந்திருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லின் குணம் என்னவெனில், அது ஜலத்தில் கரையும். மழைத்துளி ஆகாயத்திலிருந்து வரும்போது சிறிது கரியமில வாயுவையும், மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களிடமிருந்து பின்னும் அதிகமான கரியமில வாயுவையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் ஜலம் மிக லேசான புளிப்புத் தன்மை அடைகிறது. அந்த ஜலம் கல்லின் வெடிப்பில் இறங்கி, சிறிது சிறிதாகக் கல்லைக் கரைத்துச் செல்கிறது. ஆயிரக்கணக்கான வருஷங்களில் மயிரிழை போன்ற வெடிப்பு விரலளவாகி, விரலளவு குழாயளவாகி, சில இடங்களில் ஆள் நுழையும் குகையும் ஆகிறது. குகையின் மேல்தளம் இடிந்து விழுந்தால் நிலத்தில் பள்ளம் உண்டாகும். அப்பள்ளம் மழைநீரை விழுங்கும் வாய் ஆகிறது. இவ்வகைப் பூமியைப் பூமி சாஸ்திரிகள் கார்ஸ்ட் என்று அழைப்பர். ஐரோப்பாவில் இத்தாலிக்கும் ஸ்லோவேனியாவுக்கும் இடையே அப்பெயர் கொண்ட சுண்ணாம்புக் கல் மேட்டு நிலம் உண்டு. அதிலிருந்தே இப்பெயர் வந்தது.

யாழ்ப்பாணத்தில் வருஷத்திற்குச் சுமார் 1,250 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் வருஷம் முழுதும் ஓடும் ஆறு அங்கே ஒன்றும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறு ஒன்று உண்டு. அதுவும் மாரிக் காலத்தில் மாத்திரமே ஓடும். மற்ற நீரெல்லாம் எங்கே போயிற்று? கல்லுக்குள் இறங்கிற்று. இறங்கிய நீரே கிணறுகளில் ஊறி, வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்களை வளர்க்கிறது. முன்னாளில் துலா மிதித்து இறைத்தனர். பிற்காலத்தில் யந்திரம் வந்தது. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு, கல்லின் மேல்தளம் இடிந்ததனால் உண்டான இயற்கைக் கிணறு என்று கருதப்படுகிறது. அதன் மேற்புறத்து நீர் நன்னீர். ஆழத்தில் உள்ளது உப்புநீர். கீரிமலையிலோ கடற்கரையை ஒட்டியே நன்னீர் ஊற்று சுரக்கிறது. ஊருக்குள் மறைந்த மழை கடலருகே மறுபடியும் முகங் காட்டுகிறது என்பதற்கு அது சாட்சி.

மேட்டு வரம்பு பொய்த்த கதை

கரும்பாறைப் பூமியின் படத்தை எழுதும் முறையை அப்படியே சுண்ணாம்புக் கல் பூமியில் கொண்டுபோய் வைத்தால் என்ன கேடு என்பதற்கு ஜெர்மனி தேசத்தில் நடந்த ஒரு சோதனையே போதும்.

அங்கே டான்யூப் என்னும் மகாநதி உற்பத்தியாகிக் கிழக்கு நோக்கி ஓடிக் கருங்கடலைச் சேருகிறது. இம்மெண்டிங்கன் என்ற ஊருக்கு அருகில், சுண்ணாம்புக் கல் படுகையிலுள்ள வெடிப்புகளில் நதியின் ஜலம் இறங்கி மறைகிறது. கோடையில் நதி முழுதும் வற்றிப்போகும் நாட்களும் உண்டு. அவ்விடத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே, ஒரு மேட்டுக்கு அப்பால், ஆக் என்னும் ஊரில் பெரிய ஊற்று ஒன்று பொங்குகிறது. அதன் ஜலம் கான்ஸ்டன்ஸ் ஏரி வழியாக ரைன் நதியை அடைந்து வட கடலுக்குப் போகிறது. மேட்டு வரம்பைப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

1877-ஆம் வருஷத்தில் நோப் என்னும் பேராசிரியர், நதி மறையும் இடத்தில் 20 டன் உப்பையும், 10 கிலோகிராம் சாயத்தையும், எண்ணெயையும் கொட்டச் செய்தார். ஏறக்குறைய 60 மணி நேரங் கழித்து ஆக் ஊற்றின் ஜலம் பச்சை நிறமாகப் பொங்கியது, உப்புக் கரித்தது, எண்ணெயின் வாடையும் வீசியது. கருங்கடலுக்குப் போக வேண்டிய ஜலம் மேட்டுக்கு அடியில் புகுந்து வட கடலுக்குப் போவது நிரூபணமாயிற்று. அந்த ஜலத்தைக் குறித்து ஜெர்மானிய ராஜ்யங்களுக்குள் வழக்கே உண்டாகி, 1927-ஆம் வருஷத்தில் நீதிமன்றம் வரை சென்றது.

இதனால் தெரிவது யாதெனில், சுண்ணாம்புக் கல் பூமியில் மேட்டு வரம்பு நீருக்கு வரம்பன்று. மேலே ஓடும் நீருக்கு ஒரு படமும், கீழே ஓடும் நீருக்கு மற்றொரு படமும் வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

சுண்ணாம்புக் கல் பூமியைப் படம் எழுதும் முறை

முதலாவது, நிலத்தின் உயரங்களை அறிதல். முன்னாளில் சர்வேயர்கள் சங்கிலியும் மட்டக் கருவியும் கொண்டு அளந்தனர். 2000-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்க விண்கலம் ஒன்று ரேடார் கொண்டு பூமியின் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தது. அந்த உயரக் கணக்கு இப்பொழுது விலையின்றியே கிடைக்கிறது. கணினியில் இட்டால் நீர் ஓடும் கோடுகள் தாமாகவே வரும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாற்புறமும் மேடாக இருந்து நீர் வெளியேற வழியில்லாத பள்ளம் ஒன்று குறுக்கிட்டால், கணினி அதை அளவையின் பிழை என்று எண்ணி மட்டமாக நிரப்பிவிட்டு, நீரை அதன்மேல் ஓட விடுவதே பொதுவான வழக்கம். கரும்பாறைப் பூமியில் இது பெரும்பாலும் குற்றமாகாது. சுண்ணாம்புக் கல் பூமியிலோ, நீரை விழுங்கும் வாயே அந்தப் பள்ளமாக இருக்கலாம். அதை நிரப்பிவிட்டால் படம் முழுவதும் பொய்யாகும்.

இரண்டாவது, நேரில் நடந்து பார்த்தல். எந்தப் பள்ளம் மெய், எது அளவைப் பிழை என்பதை மழைக்காலத்தில் அவ்விடம் போய் நின்றால்தான் அறியலாம். ஒரு பள்ளத்தில் ஜலம் வாரக்கணக்கில் நிற்கிறதா, இரவோடிரவாக வற்றுகிறதா என்பது ஊராருக்கே தெரியும். அந்தச் செய்தி எந்த விண்கலத்திற்கும் தெரியாது.

மூன்றாவது, ஒவ்வொரு மறையும் வாய்க்கும் நீர் கொடுக்கும் நிலப்பரப்பைத் தனித்தனியே வரைந்துகொள்ளுதல். ஏரிக்கு நீர்ப்பிடிப்பு இருப்பது போல ஒவ்வொரு வாய்க்கும் நீர்ப்பிடிப்பு உண்டு. அதற்குள் போடும் உரமும் கொட்டும் குப்பையும் அந்த வாய்க்குள்ளேதான் போகும்.

நான்காவது, கிணறுகளை அளத்தல். கயிற்றில் கல்லைக் கட்டி, தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று ஒரே நாளில் பல கிணறுகளில் அளக்க வேண்டும். தரையின் உயரத்திலிருந்து அந்த ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் உயரம் வரும். சம உயரமுள்ள கிணறுகளைக் கோட்டால் இணைத்தால், உயர்ந்த கோட்டிலிருந்து தாழ்ந்த கோட்டை நோக்கி நிலத்தடி நீர் செல்லும் திசை பொதுவாகப் புலப்படும்.

ஐந்தாவது, சாயச் சோதனை. மறையும் வாயில் தீங்கற்ற சாயத்தைச் சிறிதளவு விட்டு, கிணறுகளிலும் ஊற்றுகளிலும் அது வருகிறதா என்று கருவி கொண்டு பார்த்தல். கண்ணுக்குத் தெரியாத அளவையும் இக்காலத்துக் கருவிகள் காட்டும். குடிநீர்க் கிணறுகள் சம்பந்தப்பட்ட காரியமாகையால், இது நிபுணர்களால், ஊராருக்கு அறிவித்த பின்னரே செய்யப்பட வேண்டும்.

படம் இல்லாததனால் வரும் நஷ்டம்

இதெல்லாம் படித்தவர்களின் வேடிக்கை என்று எவரும் நினைத்தல் கூடாது. மண்ணின் வழியே மெதுவாக இறங்கும் ஜலம் ஓரளவு வடிகட்டப்படுகிறது. கல்லின் குழாய் வழியே விரைந்து ஓடும் ஜலத்திற்கு அந்த வடிகட்டல் இல்லை. மேலே எது கொட்டப்படுகிறதோ அது கிணற்றுக்கு வந்து சேரும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எண்ணெயினால் இயங்கும் மின்சார நிலையம் இருந்தது. அதைச் சூழ்ந்த கிராமங்களின் கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டு, ஜனங்கள் தம் வீட்டுக் கிணற்று நீரைக் குடிக்க அஞ்சி, வண்டியில் வரும் நீருக்குக் காத்திருக்கும்படி ஆயிற்று. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019-ஆம் வருஷத்தில் அந்நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி தீர்ப்புச் செய்தது. தீர்ப்பு வந்தது, கெட்ட கிணறு தீர்ப்பினால் உடனே தெளிந்துவிடுமா? அங்கே பல தோட்டக் கிணறுகளில், இட்ட உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் உப்பும் அளவுக்கு மேல் காணப்படுகிறது.

மற்றொரு அபாயமும் உண்டு. யாழ்ப்பாணத்தின் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது சாஸ்திரக் கணக்கு. ஆகவே அதிகமாக இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், நாளடைவில் கீழேயிருந்து உப்புநீர் 40 அடி ஏற இடம் உண்டாகும். தனியொருவன் தன் கிணற்றில் இறைக்கிறான். உப்பு ஊருக்கே ஏறுகிறது.

இந்த ஜில்லாவில் செய்ய வேண்டியது

மறைமலை நகர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல் இல்லையே, இதனால் இங்குள்ளோருக்கு என்ன பிரயோஜனம் என்று ஓர் அங்கத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பிரயோஜனம் மூன்று.

முதலாவது, பாறையை அறியாமல் வேலையைத் தொடங்கலாகாது என்ற பாடம். சுண்ணாம்புக் கல் பூமியில் பள்ளம் நீரை விழுங்கும். இங்கே பள்ளம் நீரை நிறுத்தும். இங்கே வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டு, நீர் தானாகவே பூமிக்குள் போய்விடும் என்று எவரேனும் சொன்னால், அது சுண்ணாம்புக் கல் பூமியின் கணக்கைக் கரும்பாறையில் எழுதுவது போலாகும். கால்வாய் அடைபட்டால் அந்நீர் வீட்டுக்குள் வரும், 2015-இல் வந்தது.

இரண்டாவது, யாழ்ப்பாணத்தில் அழுக்கு நிலத்தடியில் ஒளிந்து போகிறது. இங்கே பெரும்பாலும் கண்ணெதிரே ஏரிக்குப் போகிறது. தொழிற்சாலைகளும் புதுமனைகளும் பெருகியுள்ள இப்பகுதியில், எந்தத் தெருவின் சாக்கடை எந்த ஏரிக்கு இறங்குகிறது என்பதைப் படத்தில் ஒரு கோட்டினால் காட்டிவிடலாம். அங்கே சாயமும் கருவியும் கொண்டு கண்டுபிடிக்க வேண்டியதை இங்கே ஒரு மழை நாளில் நடந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். அவ்வளவு சுலபமானதைச் செய்யாமலிருப்பது பெருங் குறையாகும்.

மூன்றாவது, படம் எழுதுதல் தனி மனிதனால் ஆகும் காரியமன்று. ஒருவனுடைய பட்டா அவன் வரப்போடு முடிகிறது. நீர் அவ்வாறு முடிவதில்லை. கிராம எல்லையும் அதற்குத் தடையாகாது. ஆகையால் இது கூட்டுறவுச் சங்கத்திற்கே உரிய வேலை.

ஒவ்வொரு சங்கமும் இவ்வருஷமே பின்வருமாறு செய்யலாம். கிராமப் படத்தின் பிரதி ஒன்றைப் பெறுக. வயது முதிர்ந்த குடியானவர்கள் இருவரையும், பள்ளியில் வாசிக்கும் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் எல்லையைச் சுற்றி வருக. நீர் பிரியும் மேடு, வரத்துக் கால்வாய், அது அடைபட்ட இடம், மதகு, கலிங்கல், கலிங்கல் நீர் போய்ச் சேரும் அடுத்த ஏரி ஆகியவற்றைக் குறிக்க. புரட்டாசியில் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் பத்துக் கிணறுகளையேனும் அளந்து எழுதுக. மேலூர்க்காரரையும் கீழூர்க்காரரையும் அழைத்து மூன்று ஊர்ப் படங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க. முடிந்த படத்தைச் சங்கக் கட்டடத்தின் சுவரில், கணக்குப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டுக. கிணறு வெட்டவோ ஆழப்படுத்தவோ கடன் கேட்டு அங்கத்தினர் வரும்போது, பஞ்சாயத்தார் ஜாமீனைப் பார்ப்பதோடு அந்தப் படத்தையும் ஒரு முறை பார்க்கட்டும். நீரில்லாத கிணற்றுக்குக் கொடுத்த கடன் வாங்கியவனுக்கும் பாரம், சங்கத்திற்கும் பாரம்.

2017-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கத்தார் குடிமராமத்து வேலையைப் புதிதாகத் துவக்கியது மணிமங்கலம் ஏரியில்தான். அது இப்பகுதிக்கு ஒரு பெருமை. ஆனால் மண்ணை வாரிக் கரையை உயர்த்துவது பாதி வேலையே. வரத்துக் கால்வாயின் வழி தெரியாவிட்டால், ஆழமாக்கிய ஏரியும் வெறும் பள்ளமாகவே கிடக்கும்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904-ஆம் வருஷத்தில் விவசாயிகளுக்கான கூட்டுறவு நாணய சங்கம் ஏற்பட்டது. இந்தியாவிலேயே முதன்மையான அவ்வகைச் சங்கமாக அது போற்றப்படுகிறது. தனித்தனியே லேவாதேவிக்காரனிடம் அகப்பட்டுத் தவித்தவர்கள் ஒன்று சேர்ந்தபோது, பணம் எவ்வழியில் வருகிறது, எவ்வழியில் போகிறது என்பதைக் கணக்கெழுதக் கற்றனர். அதே கைகள் இனி ஜலம் எவ்வழியில் வருகிறது, எவ்வழியில் போகிறது என்பதையும் எழுதக் கற்கட்டும். பணத்திலே தவறிய கணக்கை அடுத்த வருஷம் நேர் செய்துகொள்ளலாம். ஜலத்திலே தவறிய கணக்கு ஒரே இரவில் வாசற்படி ஏறி வரும்.